முதல் வருஷம் காட்டுக்குப் போகவேண்டாம், விளையிலேயே உட்காருங்கள்

சென்னையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, குலசேகரம் பக்கம் அப்பா விட்டுப்போன எழுபது சென்ட் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, குடும்பத்தோடு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பறவை, விலங்கு எல்லாம் பார்க்க ஆசை. ஆனால் காலையில் சத்தம்தான் கேட்கிறது, கண்ணில் ஒன்றும் படவில்லை. எந்தக் காட்டுக்குப் போகலாம், என்ன கேமரா வாங்கலாம், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாம்புக்கு என்ன செய்வது? இவைதான் உங்கள் கேள்விகள். நானும் 2008-ல் இதேபோல் சென்னையிலிருந்து திரும்பி வந்தவன்தான். தக்கலைக்கும் திருவட்டாருக்கும் நடுவில் வீடு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் ஒரு வருஷம் எந்தக் காட்டுக்கும் போகவேண்டாம், கேமராவும் வாங்கவேண்டாம். உங்கள் விளையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினமும் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். காலை ஐந்தே முக்காலில் இருந்து ஆறரை வரை. ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு பேனா. கிணற்றடி நல்ல இடம். தண்ணீர் சிந்துகிற இடத்துக்கு எல்லா உயிரும் வரும். முதல் பதினைந்து நிமிஷம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பறந்தவை திரும்பிவர அவ்வளவு நேரம் பிடிக்கும். நகரத்திலிருந்து வருகிற நாம் அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் எழுந்து, அடுத்த மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விடுகிறோம். அங்கே இருந்ததும் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் உங்களையும் கிணற்றுத் தூண் மாதிரி எடுத்துக்கொள்ளும்.

சத்தம்தான் கேட்கிறது என்று குறையாகச் சொல்கிறீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய முதல். ரப்பரும் பலாவும் தென்னையும் அடர்ந்த நம் பக்கத்தில் காதுதான் முதலில் வேலை செய்யும், கண் பிறகுதான். நாள் முழுக்க ‘குட்ரூ, குட்ரூ’ என்று விடாமல் அடிப்பது குக்குறுவான். புதருக்குள் இருந்து ‘ஊப், ஊப்’ என்று ஆழமாக வருவது செம்போத்து. கூட்டமாகச் சருகைக் கிளறிக்கொண்டே சளசளப்பது தவிட்டுக்குருவி. அந்தச் சளசளப்பு திடீரென்று கூச்சலாக மாறி, அணிலும் சேர்ந்து ‘சிக் சிக்’ என்று கத்த ஆரம்பித்தால் மரத்தைப் பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். பாம்போ பூனையோ கீரியோ போகும். நான் பார்த்த நல்லபாம்புகளில் பாதியைத் தவிட்டுக்குருவிகள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தன. குரல் பழக மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் மலையடிவாரத் தோட்டங்களில் துடுப்புவால் கரிச்சான் என்று ஒன்று உண்டு, மற்ற பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துப் பேசும். அதை வைத்துக்கொண்டு செயலி தடுமாறும். கண்ணால் பார்க்காத எதையும் நோட்டில் உறுதியாக எழுதாதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். என் கிணற்றடியில் நல்லமிளகுக் கொடி ஏற்றியிருந்த முள்முருங்கை ஒன்று பட்டுப்போய் நின்றது. விறகுக்கு வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். மாசி மாதம் ஒரு காலை, நாற்காலிக்குப் பக்கத்தில் மாவு மாதிரி மரத்தூள் விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தால், பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு பச்சைக் குருவி, வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு தலையை ஒரு பள்ளத்துக்குள் விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. குக்குறுவான். மாதக்கணக்கில் குரல் மட்டும் கேட்ட பறவை, பதினைந்து அடி தூரத்தில். அலகின் அடியில் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முடிகள், கன்னத்தில் வெள்ளைப் பட்டை, தலை தவிட்டு நிறம். இலை இல்லாத கிளை என்பதால்தான் அந்தப் பச்சை தெரிந்தது. இலைக்குள் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. சில நாளில் உடம்பு முழுக்க உள்ளே போகும் அளவுக்குப் பொந்து ஆழமானது. பிறகு உள்ளே இருந்து வாய் நிறையத் தூளை அள்ளிவந்து, பொந்து வாயில் நின்று தலையை உதறி வெளியே துப்பும். மறுபடி உள்ளே. ஜோடி இரண்டும் மாறி மாறி வேலை செய்தன. குஞ்சு பொரித்த பிறகு ஆலம்பழமும் அத்திப்பழமும் வந்தன, நடுவில் பூச்சியும் வந்தது. போகும்போது குஞ்சின் எச்சத்தைக் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பொந்தில் அடுத்தடுத்த வருஷங்களில் மைனாவும் கூடு வைத்தது. ஆகவே பட்ட மரம் வீட்டின் மேலோ பாதையிலோ விழாது என்றால் நிற்கட்டும். மரங்கொத்தி, குக்குறுவான், மைனா, கிளி, சின்ன ஆந்தை எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு.

ரப்பர் தோட்டத்தில் ஒரு உயிரும் இருக்காது என்று சொல்வார்கள். காட்டோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு, அது உண்மை. ஆனால் ஓரத்தில் பலா, அயனி, கமுகு, கொஞ்சம் புதர் இருக்கும் கலப்பு விளை என்றால் கதை வேறு. ரப்பருக்கு ஒரு வசதியும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அந்தச் சில வாரங்கள் மேலே இருப்பவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பறக்கும் ஓணானை அப்போது தேடுங்கள். மரப்பட்டைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆண் ஓணான் தொண்டைக்கடியில் மஞ்சள் நிறச் சவ்வை விசிறிபோல் விரித்து மடக்கும், அந்த மினுக்கல்தான் அடையாளம். விலா எலும்புகளோடு சேர்ந்த தோலை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஒரு கமுகிலிருந்து அடுத்த கமுகுக்குச் சறுக்கிப்போகும். என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பாடம் மறந்திருக்கலாம், அதை முதலில் பார்த்த நாள் மறக்கவில்லை.

உங்கள் விளையில் ரப்பர் பால் வெட்ட வருகிறவரோடு பேசுங்கள். விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிற ஆள் அவர். மரநாய் எந்த வழியாக இறங்குகிறது, முள்ளம்பன்றி எங்கே முள் உதிர்த்தது, எந்தப் பொந்தில் கூகை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பனையேறிகளும் அப்படித்தான். கலயத்து அக்கானியை, அதாவது பதநீரை, இரவில் வந்து குடித்துவிட்டுப் போகிற மரநாயைப் பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நீங்களாகத் தேடவேண்டுமானால் மதில்மேல் பாருங்கள். முழுசு முழுசாகப் பழவிதைகள் கலந்த எச்சம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிடந்தால் அது மரநாயின் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மரத்தின் மேலே அடியுங்கள், இரண்டு கண்கள் திரும்ப மின்னும். அஞ்சு நொடி போதும், அப்புறம் விளக்கை அணைத்துவிடுங்கள்.

மழை நம் மாவட்டத்தின் தனி வரம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நமக்கு இரண்டும் கிடைக்கும். வயசானவர்கள் இடவப்பாதி என்று சொல்கிற ஜூன் மழை இறங்கும் முதல் இரவு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வயலோரம் தேங்கிய தண்ணீரில் பெரிய தவளைகளின் ஆண்கள் உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பை ஊதிக் கத்தும். இந்தக் கோலம் கொஞ்ச நாள்தான். தொட்டிக்கு மேலே இலையில் சோப்பு நுரை மாதிரி ஒரு உருண்டை தொங்கினால் கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் முட்டைக்கூடு. பின்னங்காலால் அடித்து நுரையாக்கி உள்ளே முட்டை வைத்திருக்கும். தலைப்பிரட்டைகள் சில நாளில் நழுவித் தண்ணீரில் விழும்.

சரி, விளையை விட்டு எப்போது வெளியே போகலாம்? கார்த்திகைக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும், அதேபோல வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற தகுதி அது. கவிமணி பிறந்த தேரூர்தான். தாமரை இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் இலைக்கோழி, சிவப்பு அலகோடு தண்டைக் காலால் பிடித்துக் கடிக்கும் நீலத் தாழைக்கோழி, குளிர்காலத்துக்கு வந்த நீலச்சிறகி வாத்துகள், கூழைக்கடா எல்லாம் கரையில் நின்றே பார்க்கலாம். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைதான் நல்ல நேரம். வெயில் ஏறினால் தண்ணீர் மினுங்கிக் கண் கூசும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அங்கிருந்து பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலுக்கும், பக்கத்து உப்பளங்களுக்கும் போகலாம். சிவந்த நீளக் காலோடு பவளக்கால் உள்ளான் நிற்கும்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் குளத்தைவிட வயல்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் உழுது தண்ணீர் கட்டும் நாட்களில் சானல்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்கும் மடையானும் நடந்துபோகும். கொஞ்சம் தள்ளி நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். சேற்றுக்குள் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டுக்குள் கீழலகின் நுனியை விட்டு சதையை அறுத்து இழுத்து விழுங்கிவிடும். வரப்பில் கிடக்கும் ஓட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடைந்திருக்காது. நாஞ்சில் நாட்டு வயல்கள் வீட்டுமனையாகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு வயல் நிரம்பும்போதும் இந்த நாரைக்கு ஒரு வேளைச் சோறு குறைகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

காடு கடைசியில். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை, இன்னொரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு என்று காடு தொடர்ந்து கிடப்பதால் யானையும் மிளாவும் கருமந்தியும் எல்லை பார்க்காமல் நடமாடும். உலகத்தில் அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகளில் மட்டுமே வாழும் சிரிப்பான் குருவி ஒன்றும் நம் மலைகளில் இருக்கிறது. அதற்கெல்லாம் நேரம் வரும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. போனால் அந்த மலையில் பிறந்து வளர்ந்த காணி மக்களில் ஒருவர் வழிகாட்டியாக இருப்பது நல்லது. கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கம் அந்தி சாய்ந்தபின் பைக்கில் சுற்றாதீர்கள். யானையை எதிரில் பார்த்தால் படம் எடுக்க நிற்கவேண்டாம், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கருவி பற்றி. கேமராவுக்கு முன் இருநோக்கி வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ளது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும், மரநிழலில் இருட்டாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கும் தனியாகச் சின்னதாக ஒன்று. உங்களுடையதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்கும் பார்த்த மாதிரி இருக்காது.

பாம்பு விஷயம் மட்டும் நிதானமாகப் படியுங்கள். நம் விளைகளில் அதிகம் கண்ணில் படுவது சாரையும் தண்ணீர்ப்பாம்பும், இரண்டுக்கும் விஷம் கிடையாது. சாரை எலியைத் தின்கிறது, அதை அடித்தால் எலி பெருகும், எலியைத் தேடி நல்லபாம்பு வரும். விஷமுள்ளவற்றில் கவனிக்கவேண்டியவை நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. ஆகவே பிள்ளைகள் தரையில் படுக்கவேண்டாம், கட்டிலில் கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள். இரவில் முற்றத்துக்கு இறங்கினாலும் செருப்பும் டார்ச்சும் வேண்டும். விறகு அடுக்கு, ஓலைக்குவியல், தேங்காய்மட்டை இவற்றுக்குள் கையை விடாமல் முதலில் கம்பால் தட்டுங்கள். இந்தக் குவியல்கள் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, இருபது அடியாவது தள்ளி இருக்கட்டும். ரப்பர் சருகில் இன்னொன்று உண்டு. மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் சிறிய குழிவிரியன், காய்ந்த இலையின் நிறம். நம்மிடம் இருக்கும் பாம்புக்கடி மருந்து முன்னே சொன்ன நான்குக்கும் உரியது, இதற்கு வேலை செய்யாது. மருத்துவரிடம் கடித்தது எப்படி இருந்தது என்று சொல்வது அதனால்தான் முக்கியம். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் கிடைத்தால் சரி. அதற்காகத் துரத்தவேண்டாம், அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்குப் போய் நேரத்தை இழக்காதீர்கள். மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்துப் போய்விடுங்கள். உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் எதில் விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பு இருக்கிறது என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டுவையுங்கள். கடிபட்ட பிறகு கேட்கக் கூடாத கேள்வி அது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்கலாம்.

வேறு இரண்டு விஷயம். எலிக்கு விஷம் வைக்காதீர்கள், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும். பன்றி மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, தோண்டுகிறது என்று யாராவது மின்வேலி போடச் சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது குற்றம், அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

கடைசியாக நான் செய்த தவறு ஒன்று. வந்த முதல் வருஷம் விளையைச் ‘சுத்தம்’ செய்தேன். வேலியோரப் புதரை ஜேசிபி வைத்து வழித்தேன், பலாவடிச் சருகை வாரந்தோறும் கூட்டி எரித்தேன், நான்கு மூலையிலும் வெள்ளை விளக்கு போட்டேன். பக்கத்து விளையில் ஐப்பசியில் ஆறுமணிக்குருவி கத்தும், என் விளையில் கத்தாது. ஏன் என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது. அது தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டிப் புழு தின்னும் குருவி. நான் அதன் சாப்பாட்டைத்தான் எரித்துக்கொண்டிருந்தேன். பலாவடியில் சருகை அப்படியே விட்டேன், வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடி மட்டும் பாம்புக்காகக் கூட்டிவைத்தேன், மூலை விளக்குகளை எடுத்தேன். அடுத்த வருஷம் மின்மினி வந்தது. அதற்கடுத்த வருஷம் அந்தக் குருவியும் வந்தது. முதுகு பச்சை, வயிறு சந்தனம், வாலடி சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு, வால் இல்லை என்றே சொல்லலாம்.

இப்போது புரட்டாசி பாதி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் இரவில் பறந்து ஆறுமணிக்குருவிகள் தெற்கே வந்துகொண்டிருக்கும். களைத்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும், விளக்கைப் பார்த்து வீட்டுக்குள் வருவதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, காற்றுக்குச் சில ஓட்டை போட்டு, சத்தமில்லாத இருட்டு அறையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும், பெட்டியைப் பலாவடிக்கு எடுத்துப்போய்த் திறந்தால் போதும். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வராவிட்டாலும் இந்த மாசக் கடைசியில் இருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு பின்வாசலில் உட்காருங்கள். இருட்டுகிற நேரத்தில் தெளிவாக இரண்டு சுரத்தில் ஒரு விசில். கேட்ட தேதியை நோட்டில் எழுதிவையுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-ல் தொடங்கியது. உங்கள் கிணற்றடியில் இருந்தே பதினைந்து நிமிஷம் எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியலாம். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.